காற்றுக்குக் குடியுரிமை

தியானப் பகுதி: மாற்கு 4:35–41, அப்போஸ்தலர் 27



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நற்செய்திக் கூட்டத்தில் அமர்ந்திருந்தேன். புறஜாதியாரின் விக்கிரகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்த பிரசங்கியார் கிரேக்கரிடம் வந்து சேர்ந்தார். காற்றுக்குத் தாடியும் சிறகும் வைத்து வணங்கினவர்கள், காற்றைத் தோற்பையில் கட்டிக் கொடுக்கிற ஒரு தீவரசனைப் பற்றிக் கதை சொன்னவர்கள் என்று அவர் நடித்துக் காட்டியபோது பந்தல் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். கால்மணி நேரம் சென்றபின் அதே மேடையில் அவர் ஒரு சாட்சி சொன்னார். ஒரு புயல் தங்கள் ஊரை நோக்கி வந்ததாம். சபையார் உபவாசித்து, விசேஷ காணிக்கை படைத்து ஜெபித்தார்களாம். புயல் திசை மாறி வேறொரு கரையில் ஏறிற்றாம். பந்தல் முழுவதும் கைதட்டிற்று. அந்த வேறொரு கரையில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த மௌனத்தின் கடனைத் தீர்க்கவே இவ்வாரம் எழுதுகிறேன். கிரேக்கரின் காற்றுத் தெய்வங்களைப் பார்த்துச் சிரிக்க நமக்குத் தகுதியில்லை என்பதே என் வாதம். காற்றைத் தங்கள் கட்சிக்காரனாக்கியது அவர்களுடைய முதற்பிழை. அதை விலைகொடுத்து வாங்கலாம் என்று எண்ணியது இரண்டாவது. அந்த விலையைப் பலவீனரின் தலையில் சுமத்தியது மூன்றாவது. இம்மூன்று பிழைகளும் தாடியும் சிறகும் இல்லாமலே உயிர்வாழக் கூடியவை. நம்முடைய பிரசங்க மேடைகளில் அவை உயிரோடுதான் இருக்கின்றன.

அவர்கள் மூடரா?

நம் முன்னோர் வடக்கிலிருந்து வீசுவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், கிழக்குக் காற்றைக் கொண்டல் என்றும், மேற்குக் காற்றைக் கோடை என்றும் அழைத்தனர். கிரேக்கரும் அவ்வாறே பெயரிட்டனர். வடகாற்று போரியாஸ், தென்காற்று நோட்டஸ், மேல்காற்று செஃபிரஸ், கீழ்காற்று யூரஸ். ஆயினும் அவர்கள் பெயரோடு நிற்கவில்லை. காற்றுகளுக்குப் பெற்றோரையும் கொடுத்தனர். ஹெசியோட் என்னும் புலவர் பாடிய தேவர்களின் வம்சவரலாற்றில் போரியாஸ், செஃபிரஸ், நோட்டஸ் ஆகிய மூவரும் அஸ்ட்ரேயஸ் என்பவனுக்கும் விடியலாகிய ஈயோஸுக்கும் பிறந்த மக்கள். இம்மூவரும் மனிதருக்கு நன்மை செய்பவர்கள் என்றும், கப்பல்களைச் சிதறடிக்கிற கொடுங்காற்றுகள் டைஃபோயஸ் என்னும் அரக்கனிடமிருந்து தோன்றியவை என்றும் அவர் பிரித்துச் சொன்னார்.

இவ்வழிபாடு மிகப் பழையது. கிரேத்தா தீவிலே க்னோசஸ் அரண்மனை தீக்கிரையானபோது சுட்டு இறுகிப்போன களிமண் ஏடுகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றில், காற்றுகளின் பெண்பூசாரிக்கு அளந்து கொடுக்கப்பட்ட எண்ணெயின் கணக்கு இருக்கிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட கணக்கு அது.

ஏன் இவ்வளவு கவலை? ஏஜியன் கடலைப் பார்த்தால் விளங்கும். தீவும் பாறையும் நிறைந்த அக்கடலில், கோடைகாலத்தில் பால்கன் நிலப்பகுதியில் காற்றழுத்தம் உயர்ந்தும், இன்றைய துருக்கியின் உள்நாட்டில் தாழ்ந்தும் நிற்பதால், வடக்கிலிருந்து நாட்கணக்காகக் காற்று வீசும். கப்பலோட்டுவதற்கு ஏற்ற மாதங்களும் அவைதாம். பாயை மட்டும் நம்பி வடகிழக்கே செல்லவேண்டியவன் துறைமுகத்தில் கட்டுண்டு கிடப்பான். காற்று என்பது அவர்களுக்குக் கவிதைப் பொருள் மட்டுமன்று. பிழைப்பும் சாவும் அதன் கையில் இருந்தன.

அவர்கள் காற்றை ஆராயாமலும் இல்லை. சூரிய வெப்பத்தால் நிலத்திலிருந்து எழும் உலர்ந்த ஆவியே காற்றுக்குக் காரணம் என்று அரிஸ்டாட்டில் வாதிட்டார். அந்த விளக்கம் தவறுதான். எனினும் அது விளக்கம், புராணம் அன்று. அத்தேனே பட்டணத்தில் இன்றும் நிற்கும் எண்கோண பளிங்குக் கோபுரத்தை ஆண்ட்ரோனிகஸ் என்பவர் எழுப்பினார். எட்டுப் பக்கங்களிலும் எட்டுக் காற்றுகள் சிறகோடு பறக்கின்றன. சங்கைக் கையிலேந்திய போரியாஸ், மழைக்குடத்தைக் கவிழ்க்கும் நோட்டஸ், மடியிலிருந்து மலர் சொரியும் செஃபிரஸ் ஆகியோரை அங்கே காணலாம். அவர்களுக்குக் கீழே சூரியக் கடிகாரத்தின் கோடுகள், உள்ளே நீர்க்கடிகாரம், உச்சியிலே காற்றுத்திசை காட்டி. காற்றை வணங்கிய அதே மக்கள் காற்றை அளந்தார்கள். பிற்காலத்தில் கிறிஸ்தவர்கள் அக்கட்டடத்தைத் தங்கள் ஆராதனைக்குப் பயன்படுத்தினார்கள். அந்தச் சிறகுள்ள உருவங்களை அவர்கள் உடைத்தெறியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகையால் மூடர் என்ற சொல்லை ஒதுக்கி வைப்போம். அறிவு இல்லாததால் அவர்கள் தவறியிருந்தால், அறிவு பெற்ற நாம் தப்பியிருப்போம். நாம் தப்பவில்லையே!

மருமகனும் குடிமகனும்

கி.மு. 480இல் பெர்சிய ராஜாவாகிய செர்க்ஸஸ் பெருங்கடற்படையோடு கிரேக்க நாட்டின்மேல் வந்தான். எஸ்தரின் சரித்திரத்தில் அகாஸ்வேரு என்று நாம் வாசிக்கிறவன் இவனே என்பது வேத அறிஞர் பலருடைய கருத்து. அச்சமயத்தில் அத்தேனே மக்களுக்கு ஒரு தெய்வவாக்கு உரைக்கப்பட்டதாக ஹெரோடோட்டஸ் என்னும் சரித்திரக்காரர் எழுதுகிறார்: உங்கள் மருமகனைத் துணைக்கு அழையுங்கள் என்பது அதன் பொருள். மருமகன் யார்? போரியாஸே. அவர்களுடைய பழைய ராஜாவாகிய எரெக்தியஸின் மகள் ஒரைத்தியாவை இலிசஸ் ஆற்றங்கரையிலிருந்து வடகாற்று தூக்கிச் சென்று மனைவியாக்கிக்கொண்டது என்பது அவர்கள் கதை. பெண்ணைக் கவர்ந்து சென்றவனை ஊர் மருமகன் என்று கொண்டாடியதும், அந்தப் பெண்ணின் மனம் என்ன என்று கேட்காததும் ஒருபுறம் இருக்கட்டும்.

புயல் வந்தது. செப்பியாஸ் முனையருகே நங்கூரமிட்டிருந்த பெர்சியக் கப்பல்களை அது மூன்று நாட்கள் மோதியடித்தது. குறைத்துச் சொல்லுகிறவர்களின் கணக்கிலும் நானூறு கப்பல்களுக்குக் குறையாமல் அழிந்தன என்றும், மாண்ட மனிதருக்கு எண்ணிக்கையில்லை என்றும் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அக்கரையில் நிலம் வைத்திருந்த ஒருவன் ஒதுங்கிய பொற்கிண்ணங்களையும் வெள்ளிக் கிண்ணங்களையும் பொறுக்கிப் பெருஞ்செல்வனானான். அத்தேனே மக்கள் ஊர் திரும்பி இலிசஸ் கரையில் போரியாஸுக்கு ஒரு கோயில் கட்டினார்கள். மருமகன் தன் கடமையைச் செய்துவிட்டான் அல்லவா?

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். அழிந்துகொண்டிருந்த அந்தக் கடற்படையில் கிரேக்கரும் இருந்தார்கள். பெர்சியருக்குக் கீழ்ப்பட்டிருந்த அயோனியர் தங்கள் கப்பல்களோடு கட்டாயமாய்க் கொண்டுவரப்பட்டிருந்தார்கள். அவர்கள் அத்தேனேயைத் தங்கள் தாய்நகரமாக எண்ணியவர்கள், போரியாஸை அறிந்தவர்கள். அவ்விடத்துக் கடல்தேவியின் கதையை அயோனியரிடம் கேட்டறிந்தே பெர்சியரின் மாகியர் அவளுக்குப் பலியிட்டார்கள். காற்றைத் தணிக்க மந்திரமும் ஓதினார்கள். ஒரே காற்று, ஒரே கடல். ஒரு கரையில் அதை எழும்பச் சொல்லி வேண்டுதல், மறுகரையில் அதை அடங்கச் சொல்லிப் பலி. நான்காம் நாளில் புயல் ஓய்ந்தது. மாகியர் ஓயப்பண்ணினார்கள் என்று எழுதிய ஹெரோடோட்டஸ், அல்லது அது தானாகவே ஓய்ந்திருக்கலாம் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டுப் போகிறார். நம்முடைய சாட்சிக் கூட்டங்களில் அந்த ஒரு வரிக்கு இடம் உண்டா?

அத்தேனேயோடு இது முடியவில்லை. சீரகூசா பட்டணத்தை ஆண்ட டயோனிசியஸ் முந்நூறு கப்பல்களில் போர்வீரரை ஏற்றிக்கொண்டு தென் இத்தாலியாவிலிருந்த தூரி என்னும் நகரத்தின்மேல் சென்றான். வடகாற்று எதிர்த்து வீசிக் கப்பல்களை நொறுக்கிற்று. தூரி மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? போரியாஸைத் தங்கள் நகரத்துக் குடிமகனாகத் தீர்மானம் நிறைவேற்றி, அவனுக்கு ஒரு வீடும் ஒரு துண்டு நிலமும் ஒதுக்கிக் கொடுத்து, ஆண்டுதோறும் விழா எடுத்தார்கள் என்று ஏலியன் என்னும் ஆசிரியர் எழுதிவைத்திருக்கிறார். டயோனிசியஸும் கிரேக்கன், தூரி மக்களும் கிரேக்கரே. ஆர்க்காடியாவிலுள்ள மெகலோபொலிஸ் நகரத்தாரும், ஸ்பார்ட்டாவின் ராஜா அகிஸின் முற்றுகையிலிருந்து போரியாஸ் தங்களைக் காத்தான் என்று வேறெந்தத் தெய்வத்துக்கும் குறையாத கனத்தை அவனுக்குச் செலுத்தினார்கள். ஸ்பார்ட்டரும் கிரேக்கரே.

எல்லைக்கோடு அறியாத காற்றுக்குக் குடியுரிமை எழுதிக் கொடுத்தவர்களைப் பார்த்துப் புன்னகை வருகிறது. ஆனால் அந்தத் தீர்மானத்தின் பொருள் என்ன? இனி நீ எங்களுடையவன், எங்களுக்காக வீசு, எங்கள் பகைவரை மூழ்கடி. ஒரு புயல் திசைமாறியதற்காக மட்டும் ஸ்தோத்திரக் கூட்டம் நடத்தி, அது ஏறிய கரையை மறந்துவிடுகிற சபை, இதே தீர்மானத்தைத்தான் பரலோகத்தின் தேவனுக்கு எழுதிக் கொடுக்கிறது. உமக்கு எங்கள் ஊரில் ஒரு வீடும் ஒரு துண்டு நிலமும் உண்டு, ஆண்டவரே. மற்ற ஊர்களின் காரியத்தை நாங்கள் கேட்கமாட்டோம்.

விலை யார் கொடுத்தார்கள்?

காற்று கட்சிக்காரனாகிவிட்டால் அடுத்தது பேரம். அது சிறியதாகவே தொடங்கும். மெத்தானா என்னும் ஊரில், திராட்சை துளிர்க்கும் காலத்தில் லிப்ஸ் என்னும் தென்மேல்காற்று வீசித் துளிர்களைக் கருக்கும். அப்போது முழுவதும் வெண்ணிறச் சிறகுள்ள ஒரு சேவலை இரண்டாகப் பிளந்து, இருவர் ஆளுக்கொரு பாதியை ஏந்தித் தோட்டத்தைச் சுற்றி எதிரெதிரே ஓடி, புறப்பட்ட இடத்தில் வந்து சந்தித்து அங்கே புதைப்பார்களாம். பவுசானியஸ் என்னும் பயணி இதை எழுதியிருக்கிறார். ஒரு சேவல்தானே என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் காற்றுக்கு ஒரு விலை உண்டு என்று ஒத்துக்கொண்டபின், பெரிய காற்றுக்குப் பெரிய விலை என்பதை யாரால் மறுக்க முடியும்?

ஆலிஸ் துறைமுகத்தில் அந்தக் கணக்கு முடிவுக்கு வந்தது. துரோவா நாட்டின்மேல் படையெடுக்கக் கூடிய கிரேக்கக் கப்பல்கள் அங்கே காற்றினால் தடைபட்டு நின்றன. ஆர்ட்டெமிஸ் தேவியின் கோபமே காரணம் என்றும், தலைவனாகிய அகமெம்னானின் மகள் இஃபிஜெனியாவைப் பலியிட்டாலன்றிக் காற்று வழிவிடாது என்றும் குறிசொல்பவன் உரைத்தான். எபேசுவில் தியானாள் என்று நம் வேதாகமம் குறிப்பிடுகிற தேவி இவளே. கி.மு. 458இல் அத்தேனேயில் நடிக்கப்பட்ட நாடகத்தில் ஈஸ்கிலஸ் அக்காட்சியை விவரிக்கிறார். தகப்பன் முதலில் கலங்குகிறான். பின்பு மனத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோல் அவளைப் பலிபீடத்தின்மேல் தூக்கச் சொல்லுகிறான். குடும்பத்தின்மேல் சாபமொழி ஏதும் சொல்லிவிடாதபடி அவள் வாயைக் கட்டச் சொல்லுகிறான்.

வாயைக் கட்டினார்கள் என்பதை நான் பலமுறை நினைத்ததுண்டு. விலையாகிறவளின் குரல் கேட்டால் பேரம் நடவாது.

இந்தக் கதை தனியாக நிற்கவில்லை. யுத்தம் முடிந்து கப்பல்கள் திரும்புமுன் தோற்ற நாட்டின் அரசகுமாரி பொலிக்சேனா ஒரு வீரனின் கல்லறைமேல் பலியிடப்பட்டாள் என்று யூரிப்பிடிஸ் நாடகமாக்கினார். அதற்குப் பின்னரே வீடு திரும்பும் காற்று எழும்புகிறது. அகமெம்னானின் தம்பி மெனலேயஸ் எகிப்தில் எதிர்க்காற்றால் தடைபட்டபோது, உபசரித்த நாட்டின் பிள்ளைகள் இருவரைப் பிடித்துப் பலியிட்டான் என்று எகிப்தியப் பூசாரிகள் சொன்னதை ஹெரோடோட்டஸ் பதிவு செய்கிறார். முதலில் தன் மகள். அடுத்து அடிமையாக்கப்பட்டவளின் மகள். பிறகு அந்நியரின் பிள்ளைகள். காற்று வேண்டியவர்கள் படைத்தலைவர்கள். விலையாகப் போனவர்களில் ஒரு படைத்தலைவனும் இல்லை.

இவை கதைகள்தாமே என்று நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார். ஆம், கதைகள். இஃபிஜெனியா என்றொரு பெண் உண்மையில் வாழ்ந்தாள் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் பேரத்தின் இயல்பை அப்புலவர்கள் கண்டுகொண்டார்கள் என்பது கதையன்று. நடந்ததாகவே எழுதப்பட்ட ஒன்றைத் தருகிறேன். கி.மு. 401ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், ஆர்மீனியாவின் மலைகளில் திரும்பிச் சென்றுகொண்டிருந்த கிரேக்கப் படையின் முகத்தில் வடகாற்று அறைந்தது. காற்றுக்குப் பலியிடும்படி ஒரு குறிகாரன் சொன்னான், பலியிட்டார்கள், காற்றின் வேகம் தணிந்ததை எல்லாரும் தெளிவாய் உணர்ந்தார்கள் என்று அப்படையிலேயே இருந்த செனஃபோன் எழுதுகிறார். எவ்வளவு நல்ல சாட்சி! அடுத்த வாக்கியத்தையும் வாசிக்கவேண்டும். பனி ஓர் ஆள் உயரம் இருந்தது. சுமைமிருகங்களிலும் அடிமைகளிலும் அநேகரும், போர்வீரரில் ஏறக்குறைய முப்பது பேரும் மாண்டார்கள். வீரருக்கு எண்ணிக்கை இருக்கிறது. அடிமைகள் சுமைமிருகங்களோடு சேர்க்கப்பட்டு அநேகர் என்று போய்விட்டார்கள். சாட்சியும் சாவும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன.

தேவர்களால் வெறுக்கப்பட்டவன்

பிரசங்கியார் நடித்துக் காட்டிய தோற்பைக்கு இப்போது வருவோம். ஹோமர் பாடிய கதையில், காற்றுகளின் காவலனாகிய ஏயோலஸ் புயல்காற்றுகளையெல்லாம் மாட்டுத்தோற் பையில் அடைத்து, வெள்ளிக் கயிற்றால் கட்டி ஒடிசியஸின் கையில் கொடுத்து, மேல்காற்றை மட்டும் துணைக்கு அனுப்புகிறான். பத்தாம் நாளில் சொந்த நாட்டின் கரை கண்ணுக்குத் தெரிகிறது. அப்போது ஒடிசியஸ் உறங்கிப்போகிறான். பைக்குள் பொன்னும் வெள்ளியும் இருப்பதாக எண்ணிய துணைவர்கள் அதை அவிழ்க்க, புயல் அவர்களைத் திரும்ப அடித்துச் செல்லுகிறது. இதுவரை எல்லாரும் சொல்வார்கள். அடுத்து நடப்பதே முக்கியம். ஒடிசியஸ் மீண்டும் ஏயோலஸின் வாசலில் வந்து நின்று உதவி கேட்கிறான். ஏயோலஸ் அவனைத் துரத்திவிடுகிறான். இவ்வளவு கேடு உனக்கு வந்ததென்றால் நீ தேவர்களால் வெறுக்கப்பட்டவன். உனக்கு உதவுவது எனக்குத் தகாது என்பது அவன் நியாயம்.

இதுவே அந்த மார்க்கத்தின் மிகக் கொடிய போதனை. சாதகமான காற்று கிருபைக்கு அடையாளமானால், எதிர்க்காற்று வெறுப்புக்கு அடையாளமாகிவிடும். பிறகு புயலில் அடிபட்டவனுக்குக் கதவு அடைபடும். மெலித்தா தீவாரும் இப்படியே நினைத்தார்கள். கடலுக்குத் தப்பிய பவுலின் கையைப் பாம்பு கவ்வியபோது, இவன் கொலைபாதகனாயிருக்கவேண்டும் என்று முடிவு செய்தார்கள் (அப். 28:4). அத்தீவார் சற்று நேரத்தில் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள், நாம் மாற்றிக்கொள்வதில்லை. ஒரு கடற்கரைக் குடியிருப்பு அழிந்த மறுவாரமே, அவ்விடத்தார் செய்த பாவம் என்னவென்று விளக்கும் பிரசங்கம் எழும்புகிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து மடிந்த பதினெட்டுப் பேரைக் குறித்து நம் ஆண்டவர் அந்தக் கணக்கை முற்றிலும் மறுத்தார் (லூக்கா 13:4). அவர் மறுத்ததை அவர் பேரிலேயே போதிக்க நமக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

நம் வேதத்தில் இல்லையா?

நேர்மையாய்ப் பேசுவோம். பலத்த கீழ்காற்றினால் சமுத்திரம் பிளந்ததே, பார்வோனின் சேனை அமிழ்ந்ததே, அது கட்சிக்காரக் காற்று ஆகாதா என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. என் மறுமொழி இது. அந்தக் காற்றை இஸ்ரவேலர் விலைகொடுத்து வாங்கவில்லை. அவர்கள் முறுமுறுத்துக்கொண்டுதான் நின்றார்கள். அடிமைகள் தப்பும்படி அது வீசிற்று. அரசருடைய படை புறப்படும்படி வீசவில்லை. அது அவர்களுக்குச் சொந்தமாகவும் இல்லை. அதே தேவன் பெருங்காற்றை இஸ்ரவேலின் தீர்க்கதரிசியாகிய யோனாவுக்கு எதிராக அனுப்பினார். எதற்காக? பகைவரின் பட்டணமாகிய நினிவே பிழைக்கும்படி. நினிவே அழியவில்லையே என்று யோனா எரிச்சல்கொண்டு உட்கார்ந்தபோது அவன் தலையைச் சுட்டதும் கீழ்காற்றே. மோசேக்கு வழிதிறந்த திசையிலிருந்தே அது வந்தது. வேதத்தின் காற்றுக்கு எந்த நகரத்திலும் குடியுரிமை இல்லை.

யோனாவைக் கடலில் எறிந்தார்களே என்பீர்கள். அந்தப் புறஜாதி மாலுமிகள் முதலில் சரக்கை எறிந்தார்கள். அவனைக் காப்பாற்றக் கரைநோக்கித் தண்டுவலித்தார்கள். முடியாமற்போனபோது, அவன் தானே கேட்டுக்கொண்டபடி, மன்னிப்பு வேண்டி நடுக்கத்தோடு அதைச் செய்தார்கள். அவன் வாயை ஒருவரும் கட்டவில்லை. எறியப்பட்டவனைத் தேவன் சாகவும் விடவில்லை.

ஆனால் யெப்தாவின் மகள் இருக்கிறாள். அவளுக்கு முன் நான் வாதாடமாட்டேன். அகமெம்னான் அவ்வாண்டின் மிக அழகிய விளைவைத் தேவிக்கு நேர்ந்துகொண்டதாகவும், அது தன் மகளாய் முடிந்ததாகவும் யூரிப்பிடிஸ் மற்றொரு நாடகத்தில் சொல்லுகிறார். யெப்தாவோ வெற்றி கிடைத்தால் தன் வீட்டு வாசலிலிருந்து எதிர்ப்படுவதை நேர்ந்துகொண்டான். மகள் நடனத்தோடு எதிர்ப்பட்டாள். இரண்டு தகப்பன்மாரும் ஒரே தராசைப் பிடித்திருக்கிறார்கள். நியாயாதிபதிகளின் புத்தகத்தைக் கவனமாய் வாசியுங்கள். பொருத்தனைக்கு முந்தைய வசனத்திலேயே கர்த்தருடைய ஆவி அவன்மேல் இறங்கியாயிற்று (11:29). எபிரெய மொழியில் ஆவிக்கும் காற்றுக்கும் ஒரே சொல்தான். இலவசமாய் வந்துவிட்டதற்கு அவன் பின்னர் விலை பேசினான். அப்பொருத்தனையை யாரும் கேட்கவில்லை. கிரேக்கரின் பிழை நம் புத்தகத்துக்குள்ளேயே ஒரு பெண்ணின் துக்கமாய் எழுதப்பட்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஆலிஸைப் பார்த்துச் சிரிக்கிறவன் தன் வேதத்தை வாசிக்காதவன்.

மற்றப் படவுகள்

கலிலேயாக் கடலில் ஆண்டவர் காற்றை அதட்டிய நிகழ்ச்சியை அநேக முறை பிரசங்கித்திருக்கிறேன். படவில் அவர் உறங்கினார், சீஷர் எழுப்பினார்கள், காற்று அமர்ந்தது. சேவலும் இல்லை, காணிக்கையும் இல்லை. அவர்களுடைய விசுவாசம்கூட அப்போது இல்லை என்று அவரே கடிந்துகொண்டார். ஆனால் மாற்கு மாத்திரம் குறிப்பிடுகிற ஒரு செய்தியை நான் நெடுநாள் தாண்டிச் சென்றிருக்கிறேன். அவரோடு வேறு படவுகளும் அன்று கடலில் இருந்தன (4:36). அவற்றில் இருந்தவர்களின் பெயரை நாம் அறியோம். அவர்கள் ஜெபித்தார்களா, அறியோம். அவர்கள் அவரை எழுப்பவில்லை. ஆயினும் காற்று அமர்ந்தபோது அவர்களுக்கும் அமர்ந்தது. ஒரு படவைக் காக்க அவர் புயலை அடுத்த படவின்மேல் திருப்பிவிடவில்லை.

பவுலின் கப்பற்பயணமும் அப்படியே. அத்தேனேயின் கோபுரத்தில் செதுக்கப்பட்ட நோட்டஸும் லிப்ஸும் லூக்கா எழுதிய கிரேக்க மூலத்தில் திசையையும் காற்றையும் குறிக்கும் சொற்களாகவே வருகின்றன. யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்றின் பெயரிலும் யூரஸின் பெயர் ஒலிக்கிறது. லூக்கா அப்பெயர்களைச் சொல்லுகிறார். வணங்கவுமில்லை, ஏளனம் செய்யவுமில்லை. கப்பலில் இருநூற்று எழுபத்தாறு பேர். பவுல் எச்சரித்தபோது கேளாமற்போனவர்கள் அவர்களில் உண்டு. கைதிகளைக் கொன்றுபோட யோசிக்கப்போகிற போர்ச்சேவகரும் உண்டு. அவ்வளவு பேரையும் தேவன் பவுலுக்குத் தந்தருளினார். கப்பல் போயிற்று, சரக்கு போயிற்று, கோதுமை கடலில் கொட்டப்பட்டது. ஒரு மனிதன் போகவில்லை. ஆலிஸில் கப்பல்களுக்காக ஒரு பிள்ளையை விலையாக்கினார்கள். மெலித்தாவின் கரையில் மனிதருக்காகக் கப்பலை இழந்தார்கள். நாம் எந்தத் துறைமுகத்தைச் சேர்ந்தவர்கள்?

பிரியமானவர்களே, புயலுக்கு முன் ஜெபிக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சீஷரும் கூப்பிட்டார்கள், அது குற்றமன்று. நமக்கு வேண்டியது மற்றப் படவுகளையும் உள்ளடக்கிய ஜெபம். இனி யாரேனும் மேடையேறிப் புயல் திசைமாறிய சாட்சியைச் சொன்னால், கைதட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: அது எந்தக் கரையில் ஏறிற்று? அந்தக் கரைக்கு நம் சபை என்ன அனுப்பிற்று? புயலைத் திருப்ப எடுத்த விசேஷ காணிக்கை அங்கே அரிசியாகவும் கூரையாகவும் போய்ச் சேர்ந்திருந்தால், நானும் உங்களோடு எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்லுவேன். போகவில்லையென்றால், நம் வாசலில் நிற்பவன் ஒடிசியஸ். வாசலை அடைப்பவன் ஏயோலஸ்.

இலிசஸ் கரையில் நடந்துசென்ற சாக்ரட்டீசிடம், போரியாஸின் கதையை நம்புகிறீரா என்று அவர் நண்பர் கேட்டதாகப் பிளேட்டோ எழுதுகிறார். வடகாற்று வீசியதில் அந்தப் பெண் பாறையிலிருந்து விழுந்திருப்பாள் என்று சாமர்த்தியமாய் விளக்கலாம்தான் என்றார் அவர். ஆனால் என்னையே நான் இன்னும் அறியாதிருக்கையில் பிறருடைய கதைகளை ஆராய எனக்கு ஓய்வில்லை என்று அதை விட்டுவிட்டார். அந்தப் பந்தலில் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு புறஜாதி ஞானியின் இந்த வார்த்தை அப்போது நினைவுக்கு வந்திருந்தால் நலமாயிருந்திருக்கும்.

ஜெபம்: காற்றையும் கடலையும் உண்டாக்கினவரே, உம்மை எங்கள் ஊர்க்காரராக்கிக்கொண்ட அகந்தையை எங்களுக்கு மன்னியும். எங்கள் கரை காய்ந்திருக்கும் நாளில் நனைந்த கரையை மறவாத இருதயத்தைத் தாரும். எங்களோடு கடலில் இருக்கிற மற்றப் படவுகளையும் நினைத்தருளும். ஆமென்.